எத்தனை அடி தள்ளி வீடு கட்டலாம்?

2017 ஏப்ரல் 17 மாலை, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபயர்ஸ்டோன் என்ற ஊரில் ஒரு புது வீடு வெடித்துச் சிதறியது. அடித்தளத்து அறையில் வெந்நீர்க் கலனை மாற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் இறந்தார்கள். வீட்டிலிருந்த பெண் ஒருவர் பலத்த தீக்காயங்களோடு பிழைத்தார். வீட்டுக்கு 178 அடி தூரத்தில் ஓர் எரிவாயுக் கிணறு இருந்தது. அது 1993-இல் தோண்டப்பட்டது. வீடு 2015-இல் கட்டப்பட்டது.

விசாரணையில் தெரியவந்தது இது. கிணற்றைச் சேர்ந்த ஓர் அங்குலக் குழாய் எப்போதோ பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. ஆனால் கிணற்றுத் தலைப்பில் அதன் இணைப்பு கழற்றப்படவில்லை. வால்வும் திறந்தே இருந்தது. மறுமுனை வீட்டின் அஸ்திவாரத்துக்கு அருகே வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஏறக்குறைய ஓர் ஆண்டு மூடிக்கிடந்த கிணற்றை 2017 ஜனவரியில் மறுபடி இயக்கியபோது, அந்த வெட்டுவாய் வழியே வாயு மண்ணுக்குள் பரவி, வீட்டைச் சுற்றியிருந்த வடிகால் வழியாக அடித்தளத்தில் சேர்ந்தது. சமையல் எரிவாயுவில் கசிவு தெரிவதற்காக நாற்றமூட்டி கலக்கிறார்கள். கிணற்றிலிருந்து நேராக வரும் வாயுவில் அது கிடையாது. அதனால் வீட்டில் யாருக்கும் வாடை தெரியவில்லை.

அப்போது அந்த மாநிலத்தில் ஒரு விதி அமலில்தான் இருந்தது. குடியிருப்புகளிலிருந்து 500 அடிக்குள் புதுக் கிணறு தோண்டக் கூடாது என்பது அது. புதுக் கிணறு பழைய வீட்டை நெருங்குவதைத்தான் அந்த விதி தடுத்தது. பழைய கிணற்றைப் புது வீடு நெருங்குவது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அந்தப் பொறுப்பு உள்ளூர் நிர்வாகத்துடையது. உள்ளூர் நிர்வாகம் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்திருந்தது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கேள்வியை ஆராய்கிற எவரும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. தூரம் ஒன்றுதான், அதற்குத் திசை இரண்டு. ஒரு திசைக்குச் சட்டம், வழக்கு, வாக்கெடுப்பு, ஆய்வறிக்கை எல்லாம் உண்டு. மற்றத் திசை பெரும்பாலும் நகர மன்றத்தின் மனைப்பிரிவு விதிகளில் ஒரு துணைப் பிரிவாக முடிந்துபோகிறது.

கொலராடோவின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். இந்தக் கேள்வியின் எல்லாப் பக்கங்களும் அங்கே வெளிப்பட்டிருக்கின்றன. அந்த மாநிலத்தில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும், அடியிலிருக்கும் கனிமம் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். கனிம உரிமை உள்ளவர் அதை எடுப்பதற்குத் தேவையான அளவு மேற்பரப்பைப் பயன்படுத்தலாம். வீட்டு மனையை வாங்கியவர் தன் காலடியில் இருப்பது தனக்குச் சொந்தமில்லை என்பதைப் பலநேரம் துரப்பண எந்திரம் வந்து நின்ற பிறகுதான் அறிகிறார். 2013-க்கு முன்பு கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே சாதாரணப் பகுதியில் 150 அடி, நெருக்கமான குடியிருப்பில் 350 அடி விட்டால் போதும். 2013-இல் அது மாநிலம் முழுவதற்கும் 500 அடியானது. பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு 1,000 அடி.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் மருத்துவ ஆராய்ச்சி எதுவும் கிடைக்காது. துரப்பணக் கோபுரம் சாய்ந்தால் எவ்வளவு தூரம் விழும், கிணறு தீப்பிடித்தால் வெப்பம் எதுவரை தாக்கும், இரைச்சல் எவ்வளவு கேட்கும் என்ற கணக்குகளோடு, நிறுவனங்களும் அரசும் குடியிருப்போரும் பேசி முடித்த பேரமும் சேர்ந்தவை அவை. ஊர்கள் இதை ஏற்கவில்லை. டென்வருக்கு வடக்கே உள்ள லாங்மாண்ட் 2012-இல் வாக்கெடுப்பு நடத்தி, பாறையை நீரழுத்தத்தால் பிளந்து வாயு எடுக்கும் முறைக்கு ஊர் எல்லைக்குள் தடை போட்டது. ஃபோர்ட் காலின்ஸ் ஐந்தாண்டு நிறுத்தம் அறிவித்தது. 2016 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. எண்ணெய் எடுப்பது மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது, ஊர் அதைத் தடை செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 1992-இலேயே க்ரீலி நகரத்தின் தடையை அதே நீதிமன்றம் இதே காரணத்துக்காகத் தள்ளியிருந்தது.

அடுத்து மக்கள் மாநில அளவில் கேட்டார்கள். 2018 நவம்பரில் 2,500 அடி இடைவெளி கோரும் முன்மொழிவு வாக்குக்கு வந்தது. அது நிறைவேறினால் கூட்டரசுக்குச் சொந்தமில்லாத நிலத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் புதுக் கிணறுகளுக்குக் கிடைக்காமல் போகும் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையமே கணக்குக் காட்டியது. 55 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள்; முன்மொழிவு தோற்றது. ஆனால் 2019 ஏப்ரலில் ஆளுநர் ஜாரெட் போலிஸ் கையெழுத்திட்ட ஒரு சட்டம் நிலைமையை மாற்றியது. எண்ணெய் எடுப்பை வளர்ப்பது என்றிருந்த ஆணையத்தின் கடமை, மக்கள் உடல்நலத்தையும் சூழலையும் காக்கும்படி அதை ஒழுங்குபடுத்துவது என்று மாறியது. கிணறு எங்கே அமையலாம் என்று முடிவு செய்வதில் ஊர்களுக்கும் மாவட்டங்களுக்கும் உரிமை கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மாநில சுகாதாரத் துறை வெளியிட்ட ஆய்வு, கிணற்றுப் பணிகள் நடக்கும்போது 300 முதல் 2,000 அடி வரை பென்சீன் போன்ற பொருள்களால் தலைவலி, தலைசுற்றல், கண் தோல் எரிச்சல் வரக்கூடிய நேரங்கள் உண்டு என்று மாதிரிக் கணக்கின் வழியே சொன்னது. 2021 ஜனவரியில் 2,000 அடி விதி நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சம்மதித்தாலோ, சமமான வேறு பாதுகாப்பு இருப்பதாக ஆணையம் ஏற்றாலோ அதற்கு விலக்கு உண்டு.

சரி, 2,000 அடி. ஃபயர்ஸ்டோன் வீட்டை அந்த விதி காப்பாற்றியிருக்குமா? இல்லை. அதுவும் புதுக் கிணற்றுக்கான விதிதான். இன்றும் கொலராடோவில் ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றின் அருகே புது வீடு எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்பதை ஊர்தான் முடிவு செய்கிறது.

விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை நேரடிக் காரணமாகக் குழாயைச் சொன்னது. அதற்கு உடந்தையான காரணமாக உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியைச் சுட்டியது. குழாய்கள் எங்கே போகின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்ற முழு ஆவணமும் நிறுவனத்திடமிருந்து வராமலே, முன்பு எண்ணெய் வயலாக இருந்த நிலத்தில் குடியிருக்க அனுமதித்தது தவறு என்று அது எழுதியது. இந்த வாசகம் எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. இடைவெளி 178 அடியாக இல்லாமல் 300 அடியாக இருந்திருந்தாலும், அந்தக் குழாய் அஸ்திவாரம் வரை வந்திருந்தால் வீடு வெடித்திருக்கும். கிணற்றுத் தலைப்பிலிருந்து அளப்பவர்கள், அதிலிருந்து நாலாபுறமும் மண்ணுக்கடியில் போகும் குழாய்களை மறந்துவிடுகிறார்கள்.

எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதும் சிறிய விஷயமல்ல. க்ரீலியில் பெல்லா ரொமேரோ பள்ளிக்கு அருகே 24 கிணறுகள் அமைக்க அனுமதி கிடைத்தபோது 1,000 அடி விதி பள்ளிக் கட்டடத்தின் சுவரிலிருந்து அளக்கப்பட்டது. குழந்தைகள் ஓடியாடும் திடல் கணக்கில் வரவில்லை. பெற்றோர்கள் போராடினார்கள், வழக்குப் போட்டார்கள். 2018 டிசம்பரில் விளையாடும் இடங்களையும் சேர்த்து அளக்கும்படி விதி திருத்தப்பட்டது; அந்தக் கிணறுகளுக்கு அது உதவவில்லை. இந்தப் பக்கம் சுவரிலிருந்தா வேலியிலிருந்தா, அந்தப் பக்கம் கிணற்றுத் தலைப்பிலிருந்தா வளாகத்தின் ஓரத்திலிருந்தா என்பதைப் பொறுத்து அதே 1,000 அடி நூறு நூறு அடியாகக் கூடும், குறையும். 20 கிணறுகள் வரிசையாக நிற்கும் வளாகத்தில் எதைத் தொடக்கமாகக் கொள்வது என்பது ஒரு வீட்டை எல்லைக்கு உள்ளேயும் வைக்கும், வெளியேயும் வைக்கும்.

டெக்சாஸில் இந்த இரு திசை வேறுபாடு பச்சையாகவே எழுத்தில் இருந்தது. ஃபோர்ட் வொர்த் நகரம் 600 அடி கேட்டது. சம்மதக் கையெழுத்தோ மன்றத்தின் தளர்வோ இருந்தால் குறைக்கலாம். டல்லாஸ் 2013 டிசம்பரில் 1,500 அடி என்று முடிவு செய்தது. டென்டன் நகரம் அதே ஆண்டு புதுக் கிணறு வீட்டிலிருந்து 1,200 அடி தள்ளி இருக்க வேண்டும் என்றது. ஆனால் இருக்கிற கிணற்றின் பக்கம் புது வீடு வருவதானால் 250 அடி போதும். ஒரே ஊர், ஒரே வாயு, அதே குழந்தைகள். எந்திரம் பின்னால் வந்தால் 1,200, வீடு பின்னால் வந்தால் 250. மேலும் ஏற்கெனவே அனுமதி பெற்ற வளாகங்களில் பழைய விதிப்படியே புதுக் கிணறுகளைத் தோண்டலாம் என்றிருந்ததால், குடியிருப்புகளுக்கு 200 அடி அளவில் துரப்பணம் நடந்தது. வெறுத்துப்போன மக்கள் 2014 நவம்பரில் நீரழுத்த முறையையே ஊருக்குள் தடை செய்து வாக்களித்தார்கள். ஆறு மாதத்தில் மாநிலச் சட்டமன்றம் ஊர்களின் கையைக் கட்டியது. 2015 மே மாதம் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி ஊர்கள் இடைவெளி விதிக்கலாம். ஆனால் அது வணிக நோக்கில் நியாயமானதாக இருக்க வேண்டும், தொழிலை நடைமுறையில் நிறுத்துவதாக இருக்கக் கூடாது. டென்டன் தன் தடையைத் திரும்பப் பெற்றது.

புது வீட்டுக்கான எண் ஏன் இவ்வளவு சிறியது? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஒரு கிணற்றைச் சுற்றி 150 அடி வட்டம் வரைந்தால் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம். 500 அடி என்றால் 18 ஏக்கர். 1,000 அடிக்கு 72 ஏக்கர். 2,000 அடிக்கு 288 ஏக்கர். தூரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. ஓர் ஊரின் எல்லைக்குள் நூறு பழைய கிணறுகள் இருந்தால், 2,000 அடி விட்டு வீடு கட்டுங்கள் என்று சொல்வது ஊரின் விற்கத்தக்க நிலத்தில் பெரும்பகுதியைப் பூட்டி வைப்பதாகும். சொத்து வரி போகும், மனை வணிகர் போவார், நிலத்தை நம்பியிருந்த விவசாயிக்கும் நட்டம். கிணற்றை எதிர்க்கும் மன்ற உறுப்பினரே மனைப்பிரிவுக்குக் கை தூக்குவது இதனால்தான். கிணற்றுக்காரர் வெளியூர் நிறுவனம், மனைப்பிரிவுக்காரர் உள்ளூர்க்காரர். இந்தப் பணக் கணக்கை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கான விலையை அடித்தளத்து அறையில் வேலை செய்கிறவர் கொடுக்கக் கூடாது.

எல்லா ஆபத்துக்கும் ஒரே தூரம் பொருந்தாது என்பதைக் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அங்கே வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்து வரும் கிணறுகள் நிறைய. அது மூச்சில் கொஞ்சம் ஏறினாலே கொல்லும் நச்சு. 1982-இல் லாட்ஜ்போல் என்ற இடத்தில் அத்தகைய கிணறு ஒன்று கட்டு மீறி 67 நாள் பீறிட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். அங்கே நச்சு வாயு எவ்வளவு வெளியேறக்கூடும் என்பதை வைத்துக் கிணறுகளையும் குழாய்களையும் நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தாழ்ந்த நிலைக்கு 100 மீட்டர் போதும். உயர்ந்த நிலையில் தனி வீட்டுக்கு 100 மீட்டர், ஊருக்கு 1.5 கிலோமீட்டர். ஒரு குடும்பத்தை அவசரமாக வெளியேற்றலாம், ஊரையே வெளியேற்ற நேரம் பிடிக்கும் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. சீனாவின் சோங்சிங் பகுதியில் 2003 டிசம்பர் 23 இரவு நச்சு வாயுக் கிணறு ஒன்று பீறிட்டு 243 பேர் மாண்டபோது, அக்கம்பக்கத்துக் கிராமத்தாரில் பெரும்பாலோருக்கு எச்சரிக்கையே எட்டவில்லை.

அதே ஆல்பர்ட்டாவில் மூடப்பட்ட கிணற்றுக்கு விதி வெறும் 5 மீட்டர். முதலில் கேட்கும்போது அபத்தமாகத் தோன்றும். காரணம் தெரிந்தால் நியாயம் புரியும். கால்மர் என்ற சிற்றூரில் மறக்கப்பட்ட பழைய கிணறுகளின் மேல் வீடுகள் எழுந்திருந்தன. 2008-இல் ஒரு கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. அடைப்பதற்கு எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்த இடமில்லை. கடைசியில் சில வீடுகளை வாங்கி இடித்துத்தான் கிணற்றை அணுக முடிந்தது. ஆகவே 2012-இல் வந்த ஆணை, மூடிய கிணற்றைச் சுற்றி 5 மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும் என்றதோடு, ஒவ்வொரு கட்டட விண்ணப்பத்திலும் அந்த நிலத்தில் பழைய கிணறு உண்டா என்பதை மாகாண வரைபடத்தில் பார்த்து இணைக்க வேண்டும் என்று உள்ளாட்சிகளைக் கட்டாயப்படுத்தியது. எண் சிறியதுதான். ஆனால் எதற்காக அந்த எண் என்பது தெரியும். அதைச் சரிபார்க்கும் தாளும் கோப்பில் இருக்கும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இந்தப் பாடத்தைக் கிணறு ஓடாத இடத்தில் படித்தது. 1985 மார்ச்சில் ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு அடியில் சேர்ந்த மீத்தேன் வெடித்து 23 பேர் காயமடைந்தார்கள். அடியில் பழைய எண்ணெய் வயல். அதன்பின் நகரம் மீத்தேன் மண்டலங்களை வரைபடத்தில் குறித்து, அங்கே கட்டுவோர் மண்ணைச் சோதிக்கவும், வாயுவை வெளியேற்றும் குழாயும் தடுப்புப் படலமும் வைக்கவும் விதி செய்தது. மாநிலமோ 2022-இல் வீடு, பள்ளி போன்றவற்றிலிருந்து 3,200 அடிக்குள் புதுக் கிணற்றுக்குத் தடை விதித்தது. ஒரு கிலோமீட்டருக்குள் குறைப்பிரசவமும் மூச்சு நோயும் கூடுவதாக அறிவியல் குழு சொன்னது அதற்கு அடிப்படை. எண்ணெய் நிறுவனங்கள் வாக்கெடுப்பு மனு மூலம் அதை நிறுத்தி வைத்தன. 2024 ஜூனில் மனுவைத் திரும்பப் பெற்ற பிறகுதான் சட்டம் உயிர் பெற்றது. பென்சில்வேனியாவில் மாநில விதி 500 அடி. 2020-இல் பெருநடுவர் குழு 2,500 அடி வேண்டும் என்று பரிந்துரைத்தும் சட்டமன்றம் அசையவில்லை. 2024-இல் செசில் என்ற உள்ளாட்சி தன் எல்லைக்குள் தானே அந்த 2,500 அடியை விதித்தது.

நம் காவிரிப் படுகைக்கும் இந்தக் கேள்வி உண்டு. நரிமணம் முதல் குத்தாலம் வரை வயலுக்கு நடுவே கிணறுகளும் அவற்றை இணைக்கும் குழாய்களும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது ஊரே திரண்டது. 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடை செய்தது. விவசாயிகள் போராடிப் பெற்ற சட்டம் அது. அதன் மதிப்பை நான் குறைக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே இயங்குகிற கிணறுகளை அது தொடவில்லை. அவற்றை நோக்கி நகரும் வீடுகளைப் பற்றியும் அது பேசவில்லை. அதுவும் ஒரு திசைக்கான சட்டம். கிணறு கட்டு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 1995 ஜனவரியில் ஆந்திரத்தின் பாசர்லபூடியில் தீப்பிடித்த கிணறு 65 நாள் எரிந்தது. அசாமின் பாக்ஜானில் 2020 மே மாதம் பீறிட்ட கிணறு ஜூனில் தீப்பிடித்து நவம்பரில்தான் அடங்கியது. ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் கிடந்தார்கள், அருகிலிருந்த வீடுகள் எரிந்தன.

எத்தனை அடி என்று கேட்டால் என் பதில் இது. ஓடுகிற கிணற்றுக்கு, எந்திரம் முன்னால் வந்ததா வீடு முன்னால் வந்ததா என்று பார்க்காமல் இரு திசைக்கும் ஒரே எண் இருக்க வேண்டும். மூச்சுக்காற்று பற்றிய சான்றுகள் 2,000 அடிக்குக் கீழே இறங்க இடம் தரவில்லை. இப்போது கிணறுகளைக் கிடைமட்டமாக ஒரு மைலுக்கு மேல் கொண்டுபோக முடிகிறது. ஆகவே கனிமத்தை எடுக்க வீட்டு வாசலில் நிற்க வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. முறையாக மூடிய கிணற்றுக்குச் சிறிய தூரம் போதும். ஆனால் கசிவுச் சோதனை செய்த பிறகு, பழுதுபார்க்கும் எந்திரம் வந்து நிற்கும் அளவுக்கு இடத்தை விட்டுத்தான் கட்ட வேண்டும். கைவிட்ட குழாயைக் கிணற்றுத் தலைப்பில் கழற்றி மூடியதற்கான சான்றிதழ் இல்லாமல் எந்த மனைப்பிரிவுக்கும் கையெழுத்து விழக் கூடாது. நிலத்தை வாங்குபவரின் பத்திரத்திலேயே கிணற்றின் இடமும் குழாயின் பாதையும் எழுதப்பட வேண்டும்.

ஏற்கெனவே நெருக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு எந்தத் தூர விதியும் பயன்படாது. வீட்டை நகர்த்த முடியாது. அவர்களுக்குச் செய்யக்கூடியது வேறு: வீடுகளுக்கு மிக அருகிலிருக்கும், குறைந்த வாயு தரும் பழைய கிணறுகளை முதலில் மூட வேண்டும். அடித்தளத்தில் மீத்தேன் எச்சரிக்கைக் கருவியை நிறுவனத்தின் செலவில் பொருத்த வேண்டும். ஃபயர்ஸ்டோனுக்குப் பிறகு கொலராடோ அரசு, வீடுகளுக்கு 1,000 அடிக்குள் இருந்த குழாய்களை எல்லாம் நிறுவனங்களே சோதித்துக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு வெடிப்பு நடந்த சில வாரங்களிலேயே வந்தது. அதே உத்தரவை அதற்கு முன்பே, அந்த மனைப்பிரிவின் வரைபடம் மன்றத்துக்கு வந்த நாளில் பிறப்பிக்கவும் அதிகாரம் யாருக்கோ இருந்தது.